கம்பியிற் கோத்த கடிதங்கள்

பரந்தன் சந்தியிலிருந்து கிழக்கே முல்லைத்தீவை நோக்கிச் செல்லும் ஏ35 நெடுஞ்சாலையின் மருங்கில், கண்டாவளைப் பிரதேச செயலர் பிரிவுக்குள் அமைந்த தர்மபுரம் என்னும் எங்கள் ஊரில், மண்வீடாயினும் கல்வீடாயினும் முன்விறாந்தையிலே தவறாது காணப்பட்ட பொருள் ஒன்று முன்னாளில் இருந்தது. கீழ்முனையில் ஒரு மரத்துண்டைப் பொருத்தி, மேல்முனையைக் கொக்கிபோல் வளைத்து, சுவராணியிலோ தீராந்தியிலோ தொங்கவிடப்பட்ட ஓர் இரும்புக் கம்பியே அது. தபாற்காரர் கொணர்ந்த கடிதத்தை ஒருமுறைக்கு இருமுறை வாசித்து முடித்த வீட்டுப் பெரியவர், அதன் நடுவிலே கம்பியின் முனையை ஏற்றி, முன்னர் வந்தவற்றின்மேல் மெல்ல இறக்கிவிடுவார். கொழும்பிலே கடையொன்றில் நின்ற மகன் எழுதியதும், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பற்றுச்சீட்டும், கமநல சேவை நிலையத்தின் அறிவித்தலும், அந்தியேட்டிக்கு அழைத்த காகிதமும் பேதமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அக்கம்பியிற் கிடக்கும். அடியிலுள்ளது பழையது, மேலேயுள்ளது புதியது என்பதைத் தவிர அங்கே வேறெந்த ஒழுங்கும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முந்திய கடிதமொன்று வேண்டுமென்றால், அதற்கு மேலுள்ள அத்தனையையும் கழற்றி, வேண்டியதை எடுத்து, மீண்டும் அதே வரிசையிற் கோக்க வேண்டும். அவ்வேளையில் இரண்டொன்று கிழிவதும் வரிசை பிறழ்வதும் சகஜம்.

கம்பியில் ஏற்ற மனம் ஒவ்வாத காகிதங்களும் இருந்தன. காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சாட்சிப்பத்திரம், கடல்கடந்த பிள்ளை எழுதிய நீல வான்கடிதங்கள் ஆகியவை றங்குப்பெட்டியினுள் வகைவகையாக நூலாற் கட்டப்பட்டு, காய்ந்த வேப்பிலையின் மணத்தோடு பத்திரமாயிருந்தன. ஆக, ஒரே வீட்டில் இரண்டு சம்பிரதாயங்கள் நிலவின: கம்பி காலவரிசையைப் பேணியது, பெட்டி வகைப்பாட்டைப் பேணியது. இவ்விரண்டும் மின்னஞ்சலின் சரித்திரத்திலும் அப்படியே காணப்படுகின்றன என்பதை, அஞ்சற்கோப்புறைகளையும் செய்திகளையும் கையாளும் நிரல்களைப் பற்றிக் கற்கத் தொடங்கிய பின்னரே நான் அறிந்தேன். கடிதம் எங்கே வாழ வேண்டும், எவருடைய பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, பலமுறை வீடிழந்த ஓர் ஊர் தன் அநுபவத்தாற் கண்ட விடையும், கணினி அறிஞர் ஒருவர் 1986இல் தூரதேசத்துப் பல்கலைக்கழகமொன்றிலே கண்ட விடையும் ஒன்றாயிருப்பது என் உள்ளத்தை மிகவும் தொட்டது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊர் அமைந்த வன்னிப் பகுதிக்குக் கடிதம் வந்த வழியை முதலிற் சொல்ல வேண்டும். இலங்கையிலே 1857இல் தபால் முத்திரை வழக்குக்கு வந்தது. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் முழுமையாக இணைத்தது. காடடர்ந்து கிடந்த கிளிநொச்சிப் பிரதேசத்தில், இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி 1930களில் தொடங்கிய குடியேற்றம் பின்னாளிற் படிப்படியாக விரிந்தபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணி தேடி வந்தோரும், 1977இன் வன்செயலால் மலையகத்தை விட்டுப் பெயர்ந்து வந்தோரும் இப்பிரதேசமெங்கும் குடியமர்ந்தனர். இவர்களுள் ஒவ்வொருவருக்கும் வேறோர் ஊரிலே தாயோ தமையனோ இருந்தமையால், இங்கு கடிதம் என்பது ஆடம்பரமாக இராது, உறவின் மூச்சாகவே இருந்தது. கொழும்பிலிருந்து இரவிலே புறப்படும் தபால் வண்டி விடியுமுன் வன்னிக் காடுகளை ஊடறுத்து வரும். கிளிநொச்சியிலும் பரந்தனிலும் இறக்கப்பட்ட தபாற்பொதிகள் பஸ்ஸிலேறிக் கிழக்கு நோக்கிப் பிரயாணஞ் செய்து உபதபாற்கந்தோர்களைச் சேரும்.

அக்கந்தோர்களின் உள்ளே சிறுவயதில் எட்டிப் பார்த்தவர்களுக்கு, சுவரோடு சார்த்தி வைத்த, சிறு சிறு சதுர அறைகளாக வகுத்த மரத்தட்டு நினைவிலிருக்கும். தபாலதிபர் பொதியை அவிழ்த்து, விலாசத்தைப் பார்த்து, ஒவ்வொரு கடிதத்தையும் அதற்குரிய அறையிற் செருகுவார். பதிவுத் தபாலுக்கு மாத்திரம் தனி மரியாதை உண்டு: அதன் இலக்கத்தைப் பேரேட்டில் எழுதி, உரியவரிடம் கையொப்பம் பெற்ற பின்னரே கொடுப்பார். சாதாரணக் கடிதத்தை "அந்த அறையில் மேலிருந்து மூன்றாவது" என்று இடத்தாற் குறிக்கலாம். மேலேயுள்ளதை எவரேனும் வாங்கிச் சென்றால் மூன்றாவது இரண்டாவதாகிவிடும். பதிவுத் தபாலின் இலக்கமோ, அது எந்த அறைக்கு மாறினாலும், எத்தனை கடிதங்கள் முன்னும் பின்னும் அகன்றாலும், மாறுவதில்லை. இந்த வேற்றுமையை வாசகர் மனத்திற் கொள்வாராக. மின்னஞ்சற் சாஸ்திரத்தின் அரைவாசி இதற்குள்ளே அடங்கியிருக்கிறது.

1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது வடபகுதிக்கான புகையிரதம் நின்றது. அரசாங்கத் தபால் முற்றாக அற்றுப்போகவில்லையாயினும், வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தாமதித்தே வந்தது. தொலைபேசி என்பது பிரயாண அநுமதியான பாஸ் எடுத்து வவுனியாவுக்குச் சென்றவர்களுக்கு மட்டும் கிட்டிய பாக்கியமாயிற்று. பிரிந்துபோன குடும்பத்தாருக்கும் தடுப்பிலிருந்தோருக்கும் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் செய்திப் படிவம் ஒன்றே பற்றுக்கோடாயிற்று. குடும்ப விஷயங்களைத் தவிர வேறொன்றும் எழுதலாகாது, உறையை ஒட்டலாகாது, இடையிலுள்ளோர் வாசிப்பர் என்ற நியமங்களுக்குள்ளே, "நாங்கள் சுகம், நீங்கள் சுகமா" என்ற இரண்டு வாக்கியங்களில் ஒரு தாயின் முழுமனமும் அடங்க வேண்டியிருந்தது. அப்படிவங்களும் கடைசியில் கம்பிக்கே வந்து சேர்ந்தன. 1995இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்து, அவர்களுட் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்ததும், 1996இற் கிளிநொச்சி நகரத்தார் பெயர்ந்ததும், இடம்பெயர்வோர் எடுத்துச் செல்வன எவை, விட்டுச் செல்வன எவை என்பதை எங்களுக்குக் கற்பித்தன. அரிசி, பாய், பானை, அடையாள அட்டை என்பன உரப்பையில் ஏறும். கம்பி ஆணியிலேயே தொங்கும்.

எங்கள் புகையிரதம் நின்ற அதே 1990ஆம் ஆண்டில், தென்னிலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞர்களின் முயற்சியால், லேர்ன் என்னும் கல்வி வலையமைப்பின் மின்னஞ்சற் சேவை தொலைபேசி வழியாக ஆரம்பமாயிற்று. 1995இல் வர்த்தக ரீதியான இணைய சேவையும் கொழும்பில் வந்தது. அந்தச் சேவைகளுக்கெல்லாம் ஆதாரமான தத்துவம் அதற்கும் முன்னரே உருவாகியிருந்தது. 1971இல் ரே டொம்லின்சன் என்பவர் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு முதன்முதலில் மின்னஞ்சல் அனுப்பிய காலத்தில், பலர் சேர்ந்து ஒரே பெருங்கணினியைப் பாவித்தமையால், கடிதமும் அதனை வாசிப்போரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். 1980களிற் சிறு கணினிகள் மேசைதோறும் வந்தபின், கடிதம் வந்து சேரும் இடம் ஒன்றாகவும் வாசிப்போர் இருக்கும் இடம் வேறொன்றாகவும் ஆயிற்று. இதற்குப் பரிகாரமாக 1984இல் வெளிவந்த பொப் என்னும் நெறிமுறை, தபாற்கந்தோருக்குச் சென்று பொதியை வாங்கி, அங்கே ஒன்றையும் விடாது வீட்டுக்குக் கொண்டுவரும் வழக்கத்தையே அடியொற்றியது. வீட்டுக் கணினி நன்றாயிருக்கும்வரை அதனாற் குறையில்லை; அது கெட்டாலோ களவுபோனாலோ, கடிதமும் அதனோடு போகும்.

1986இல், அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திலிருந்த மார்க் கிரிஸ்பின் என்பவர் வேறு வழியிற் சிந்தித்தார். கடிதங்கள் வந்து சேரும் சேர்வர் என்னும் பொதுக்கணினியிலேயே இருக்கட்டும். வாசிப்போர் எங்கிருந்தும் வந்து கேட்கட்டும். எது வாசிக்கப்பட்டது, எதற்குப் பதில் எழுதப்பட்டது என்ற குறிப்புகளும் அங்கேயே பதியப்படட்டும் என்று அவர் வகுத்த முறைதான் இன்று ஐமேப் எனப்படுவது. இடைக்கால ஏற்பாடு என்ற பொருள்படும் பெயரோடு பிறந்த அந்த நெறிமுறை, 1988இல் இரண்டாம் வடிவமாக எழுத்தில் வெளியாகி, 1994இல் நான்காம் வடிவம் பெற்று, 1996, 2003, 2021 ஆகிய ஆண்டுகளில் திருத்தமுற்று, இன்றும் நின்று நிலவுகிறது. அவர் 2012 டிசம்பரிற் காலமானார்.

நெறிமுறை என்பது சேர்வரோடு பேச வேண்டிய பாஷையின் இலக்கணம் மட்டுமே. அந்த இலக்கணத்தை ஒவ்வொரு மென்பொருளாசிரியரும் புதிதாகக் கற்று எழுத வேண்டுமென்றால் வேலை முடியாது. ஆகையினால் ஒருவர் எழுதி வைத்ததைப் பலரும் எடுத்தாளும்படி நிரல் நூலகம் என்ற ஒன்று வேண்டியதாயிற்று. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபின் கிரிஸ்பின் இயற்றிய சி-கிளையன்ட் அத்தகையது. பைன் என்ற பெயர்பெற்ற அஞ்சல் வாசிப்பான் அதன்மேலேயே எழுந்தது. பிஎச்பி மொழியின் ஐமேப் பகுதி, 2024இல் அம்மொழியின் மூலத்தொகுதியிலிருந்து பிரிக்கப்படும்வரை, சி-கிளையன்டின் துணையோடே இயங்கி அத்தொகுதியிற் சேர்ந்திருந்தது.

அந்நூலகத்தின் அமைப்பிலேதான் எங்கள் விறாந்தைக் கம்பியையும் றங்குப்பெட்டியையும் நான் மறுபடி கண்டேன். யுனிக்ஸ் கணினிகளிற் பழமையான முறை, ஒரு கோப்புறையின் எல்லாச் செய்திகளையும் ஒரே நீண்ட கோப்பிலே ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தெழுதுவது. எம்பொக்ஸ் என்பது அதன் பெயர். ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கு, 'இன்னாரிடமிருந்து' என்ற பொருளில் ஆங்கிலச் சொல்லொன்றோடு தொடங்கும் வரியே எல்லைக்கல். எவரேனும் தம் கடிதத்தின் நடுவில் அதே சொல்லோடு ஒரு வரியைத் தொடங்கிவிட்டால், அதையும் புதிய கடிதமென்று நிரல் மயங்காதிருக்க, அவ்வரியின் முன்னே ஓர் அம்புக்குறியைச் சேர்த்து வைப்பது வழக்கம். நடுவிலுள்ள ஒன்றை நீக்க வேண்டுமென்றால் கோப்பு முழுவதையும் திருப்பி எழுத வேண்டும். அவ்வேளையில் மின்சாரம் நின்றால் அனர்த்தம் விளையும். இது கம்பியே, ஐயமில்லை. எம்எச் எனப்பட்ட மற்றொரு முறை, ஒவ்வொரு கடிதத்தையும் தனிக்கோப்பாக்கி ஓர் அறையில் இடுவது. டானியல் பேர்ன்ஸ்டைன் என்பவர் 1990களில் வகுத்த மெயில்டிர் முறை இதனினும் நுட்பமானது: ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் மூன்று அறைகள் உண்டு, எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கடிதம் முதலறையிலும், முழுதாக வந்து சேர்ந்தது இரண்டாமறையிலும், உரியவர் கண்ணிற்பட்டது மூன்றாமறையிலும் இருக்கும். பாதியெழுதிய கடிதத்தை எவரும் முழுக்கடிதமென்று எடுத்துவிடாதபடி செய்த காவல் அது.

சி-கிளையன்டின் பெருமை யாதெனில், கம்பி முறையிலுள்ள கோப்பாயினும், தனித்தனிக் கோப்புகளாயினும், சமுத்திரத்துக்கு அப்பாலுள்ள சேர்வராயினும், அவற்றைத் திறக்குமாறு கேட்கும் கட்டளை ஒன்றாகவே இருந்தது என்பதாம். எந்தச் சேமிப்பு முறைக்கு எந்தச் சாரதி, அதாவது அம்முறையைக் கையாளும் துணைநிரல், வேண்டும் என்று நூலகமே தேர்ந்துகொள்ளும். கேட்டவருக்குக் கிடைப்பது செய்தி. இதே மனப்பாங்கை 1990களின் பிற்பகுதியில் ஜாவா மொழிக்கென வந்த ஜாவாமெயிலும் மேற்கொண்டது. அது தன் உலகத்தை ஸ்டோர், போல்டர், மெசேஜ் என மூன்றாக, அதாவது களஞ்சியம், கோப்புறை, செய்தி என வகுத்தது. நெல் விளையும் வன்னியார்க்குக் களஞ்சியம் என்பதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. களஞ்சியத்தோடு தொடர்புகொண்டு, கோப்புறையைப் பெற்று, அதைத் திறந்த பின்னரே உள்ளேயுள்ள செய்திகளைத் தொட முடியும். திறக்கும்போதே, வாசிக்க மட்டுமா, மாற்றவுமா என்று சொல்லிவிட வேண்டும். மூடும்போது, அழிப்பதற்கெனக் குறித்தவற்றை அகற்றிவிடவா, விட்டுவைக்கவா என்று சொல்ல வேண்டும். தபாலதிபரின் பேரேட்டுக்குரிய கண்டிப்பு இது.

பதிவுத் தபாலைப் பற்றி மேலே சொன்னது இங்கே பயன்படும். ஐமேப்பில் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதலாவது, கோப்புறையில் அது எத்தனையாவதாக இருக்கிறது என்னும் வரிசையெண்; நடுவிலொன்று நீங்கினால் அதற்குப் பின்னாலுள்ளவை எல்லாம் ஒவ்வொன்று கீழிறங்கும். இரண்டாவது, அக்கோப்புறைக்குள் அச்செய்திக்கே உரித்தான தனியெண். அது ஏறுவரிசையில் வழங்கப்படும், மற்றொன்றுக்கு மீண்டும் தரப்படமாட்டாது. வரிசையெண்ணை நம்பி வேலை செய்யும் நிரல், இடையிலே மற்றொரு கருவி ஒரு கடிதத்தை அகற்றிவிட்டால், அப்பாவிக் கடிதமொன்றை அழித்துவிடக்கூடும். ஆகையால் நல்ல நிரலாசிரியர் தனியெண்ணையே பற்றி நிற்பார். அழித்தலும் இரண்டு படிகளில் நிகழ்வது: முதலிற் குறியிடுதல், பின்னர் துப்புரவாக அகற்றுதல். குறியிட்டபின் மனம் மாறினால் குறியை நீக்கிவிடலாம். மனிதர் அவசரத்திற் செய்வதைத் திருத்திக்கொள்ள அவகாசம் வைத்த அந்த விதியில் ஒரு காருண்யம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவுக்கும் மேலாக, கோப்புறைக்கென ஒரு செல்லுபடி எண்ணும் உண்டு. ஏதோ காரணத்தாற் கோப்புறை குலைந்து, சேர்வர் அதை மீளக்கட்டிப் புதிதாக எண்கள் வழங்க நேர்ந்தால், இந்தச் செல்லுபடி எண் மாறும். மாறியதைக் கண்ட நிரல், தான் முன்பு குறித்து வைத்திருந்த தனியெண்கள் அனைத்தையும் கைவிட்டு, முதலிலிருந்து பட்டியலை எடுக்க வேண்டும். குடியேற்றத் திட்டங்களில் காணி இலக்கமே விலாசமாயிருந்த எங்களுக்கு, முகாமிற் கூடார இலக்கமும், மீள்குடியேறியபின் வேறோர் இலக்கமும் வழங்கப்பட்டபோது, பழைய உறையைக் கையில் வைத்துக்கொண்டு புதிய வேலிகளுக்கிடையே அலைந்த தபாற்காரரின் தத்தளிப்பைக் கண்ட எவரும், அந்த ஓர் எண்ணின் அருமையை உடனே உணர்வர்.

மற்றொரு நுட்பமும் குறிப்பிடத்தக்கது. கடிதம் வந்தவுடன் உறையை உடையாது, முத்திரையையும், கையெழுத்தையும், பின்புறத்திலுள்ள அனுப்பியவர் பெயரையும் பார்த்து, எவருடையது என்று அறிந்த பின்னரே திறப்பது எங்கள் வீடுகளின் வழக்கம். நூலகமும் அவ்வாறே செய்கிறது: கோப்புறையிலுள்ள செய்திகளை முழுமையாக இறக்காது, அனுப்பியவர், பொருள், திகதி ஆகிய மேலுறை விபரங்களை மட்டும் முதலிற் கேட்டுப் பெறுகிறது, வாசிப்பவர் ஒன்றைத் தொட்டபின்பே அதன் உடலைக் கொணர்கிறது, படம் இணைந்திருந்தால் அதனை விட்டு எழுத்தை மட்டும் தருமாறும் கேட்க வல்லது. செய்தியின் உடலைப் பெற்றவுடன் 'வாசித்தாயிற்று' என்ற குறி விழுந்துவிடும்; அக்குறி விழாமல் எட்டிப் பார்க்கும் முறையும் தனியே உண்டு.

தமிழுக்கு இந்த உலகத்திலே இடம் எளிதாகக் கிடைக்கவில்லை. ஆங்கில எழுத்துக்கென வகுத்த அஞ்சலில் பிற மொழிகளையும் படங்களையும் ஏற்றும் மைம் முறை 1992இல் வந்தது. அதன் பின்னும் தமிழுக்கு எழுத்துருவுக்கோர் எண்முறையாக இருந்தமையால், அனுப்பியவரின் எழுத்துரு வாங்கியவரிடம் இல்லையேல் கடிதம் பொருளற்ற குறிகளாய் விரியும். பாலா பிள்ளை 1995இல் தொடங்கிய தமிழ்.நெற், முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு ஆகியவற்றைச் சுற்றித் திரண்ட அன்பர்களின் உழைப்பே, யுனிகோட் பரவும்வரை தமிழ்க் கடிதங்களைத் தாங்கிற்று. கோப்புறையின் பெயரிலும் இச்சிக்கல் உண்டு. 'அம்மா' என்று ஒரு கோப்புறைக்குப் பெயரிடுவோமாயின், நம் கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தோன்றும் அச்சொல், யுனிகோடில் ஐந்து குறியீடுகளாகும். 1996ஆம் ஆண்டின் ஐமேப் விதிப்படி அது ஓர் உம்மைக்குறியோடு தொடங்கி, பதினான்கு உரோம எழுத்து, இலக்கங்களாக மாறி, ஓர் இணைகோட்டோடு முடிந்து, பதினாறு குறிகளாகச் சேர்வருக்குச் செல்லும். திரும்பி வரும்போது நூலகம் அதனை அவிழ்த்து, மறுபடியும் அம்மா என்று நம் முன் வைக்கும். 2021ஆம் ஆண்டின் திருத்தம் இந்த வேஷத்தைக் களைந்து, பெயர்கள் தத்தம் எழுத்திலேயே செல்ல வழிசெய்தது.

2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் வன்னியை ஊடறுத்துச் செல்லும் ஏ9 பாதை திறந்தபின், கிளிநொச்சி நகரில் இணையக் கடைகள் தோன்றின. கனடாவிலிருந்த என் தங்கை, தமிழை ஆங்கில எழுத்திலே எழுதி எனக்கு மின்னஞ்சல் அனுப்புவாள். நான் தர்மபுரத்திலிருந்து பஸ்ஸேறிச் சென்று, மணித்தியாலக் கணக்கிற் காசு கொடுத்து, ஊர்ந்து வரும் அந்தக் கடிதத்தை அச்செடுத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். வாசித்து முடித்தவுடன் அம்மா அதனை வாங்கி, தம் கையாலேயே கம்பியில் ஏற்றுவார். அவ்வாறு உலகின் புத்தம்புதிய கடிதமும் எங்கள் வீட்டின் மிகப்பழைய முறைக்கு வந்து சேர்ந்தது.

2006 ஆகஸ்டில் ஏ9 மறுபடி மூடப்பட்டது. 2008இன் பிற்பகுதியிற் கிளிநொச்சி மருத்துவமனையும் நகரத்தாரும் கிழக்கே பெயர்ந்து தர்மபுரத்தில் வந்து நெருங்கினர். 2009 ஜனவரியின் நடுப்பகுதியில் தர்மபுரமும் வெறுமையாயிற்று. விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று நீண்ட அந்தப் பாதையில் நாங்கள் இழந்தவற்றின் முன்னே கடிதங்களைப் பற்றிப் பேசுவது தகாது என்று அக்காலத்தில் எண்ணினேன். முகாம் வாழ்வு முடிந்து திரும்பி வந்தபோது கூரை இல்லை, றங்குப்பெட்டி இல்லை. பாதி நின்ற சுவரில் ஆணி மட்டும் இருந்தது. இறந்தோரின் கையெழுத்து என்று காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் மிஞ்சவில்லை என்பதை, முதலாம் ஆண்டுத் திவசத்தின்போதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

தங்கை எழுதியவை அழியவில்லை என்பது பல வருஷங்களின் பின்னரே தெரியவந்தது. காகிதக் கடிதம் எழுதியவரிடம் பிரதியை விடுவதில்லை. மின்னஞ்சலோ அனுப்பியவரின் 'அனுப்பியவை' என்னும் கோப்புறையில் ஒரு பிரதியை வைத்துவிட்டே புறப்படுகிறது. அவள் கணினி மூன்று முறை மாறியிருந்தது. வீடு இரண்டு முறை மாறியிருந்தது. கடிதங்கள் சேர்வரிலே இருந்தமையால் அவற்றுக்கு ஒரு சேதமும் நேரவில்லை. அவளுடைய மகன், பைதன் மொழியிலுள்ள ஐமேப் நூலகத்தைக்கொண்டு சில வரிகள் எழுதி, கோப்புறையை வாசிப்பதற்கு மட்டுமெனத் திறந்து, ஒன்றையும் மாற்றாமல், ஒரு குறியையும் இடாமல், தனியெண்களின் வரிசைப்படி 2003 முதல் 2006 வரையிலான கடிதங்களைத் தேடியெடுத்தான். "மாமா, நீங்கள் எழுதின பதிலுகளும் இன்பொக்ஸிலை இருக்கு, அதுகளையும் எடுக்கட்டோ?" என்று தொலைபேசியில் அவன் கேட்டபோது எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. அப்பதில்களில் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியவையும் இருந்தன. இன்று எங்களோடு இல்லாதவர்கள் தங்கைக்குச் சொல்லியனுப்பிய சுகச்செய்திகளும் இருந்தன.

கடிதம் வீட்டுக்கு வெளியே, தகுந்த காவலில் இருக்க வேண்டும் என்று இதனாற் கற்றேன். ஆயினும் பிறர் காவலை மட்டும் நம்பியிருத்தலும் நன்றன்று. இரண்டு ஆண்டுகள் எட்டிப் பாராத கணக்குகளை நீக்கும் நியமத்தைக் கூகுள் நிறுவனம் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. புலம்பெயர்ந்த எத்தனையோ முதியவர்களின் பெட்டிகள், அவர்கள் காலமானபின் கடவுச்சொல் தெரிந்தாரின்றிப் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றுள் எங்கள் ஊர்களின் சரித்திரம் இருக்கிறது: யார் எப்போது கொட்டகை போட்டார், எந்தக் கிணறு உப்பாயிற்று, எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் தேறியது, எவர் எங்கே கடைசியாகக் காணப்பட்டார் என்பன அக்கடிதங்களில் அன்றி வேறெங்கும் எழுதப்படவில்லை. நிரலெழுதத் தெரிந்த இளைஞர்கள், தாய் தந்தையரின் அநுமதியோடு, அவர்கள் உயிரோடிருக்கும்போதே, அப்பெட்டிகளை வாசிப்பதற்கு மட்டுமெனத் திறந்து, ஒவ்வொரு செய்தியையும் தனிக்கோப்பாகப் பிரதியெடுத்து, ஒரு பிரதியை ஊரிலும் ஒரு பிரதியைக் கடல்கடந்த உறவினரிடமும் வைப்பார்களாயின், அது பெரும் புண்ணியமாகும். அதற்கு வேண்டிய கருவிகள் யாவும் பிறரால் எழுதப்பட்டு இலவசமாகவே இருக்கின்றன. ஒரு மாலைப்பொழுதின் வேலையே அது.

மருமகன் அனுப்பிய கடிதங்களைக் கிளிநொச்சியில் அச்செடுத்து, முன்போலவே மடித்துக்கொண்டு வந்து அம்மாவின் கையிற் கொடுத்தேன். கண்பார்வை குறைந்திருந்தமையால் அவர் வாசிக்கவில்லை; தாள்களை விரலால் தடவி, எத்தனை என்று எண்ணிப் பார்த்தார். பிறகு புதிய வீட்டின் வெண்சுவரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "உதுகளைக் குத்தி வைக்க ஒரு கம்பியும் இல்லையே, தம்பி?" என்றார். மறுநாட்காலை வேலிக்கம்பியில் ஒரு துண்டை வெட்டி, முனையை அரத்தால் தீட்டி, கொக்கியாக வளைத்து, விறாந்தையில் மாட்டினேன். திகதிப்படி பழையது அடியிலும் புதியது மேலுமாக, ஒவ்வொன்றாக அம்மாவே ஏற்றினார்.